முகத்தில் சின்ன மருவா? கை வைப்பதற்கு முன் இதைப் படியுங்கள்

சில வருடங்களுக்கு முன் ஒரு காலை, ஷேவ் செய்துகொண்டிருந்தபோது வலது தாடையில் ஏதோ சொரசொரப்பாக விரலில் தட்டியது. கண்ணாடிக்குக் கிட்டே போய்ப் பார்த்தேன். கடுகைப் பாதியாக உடைத்து ஒட்டியது மாதிரி, தோலின் நிறத்திலேயே ஏழு புள்ளிகள். வலி இல்லை, அரிப்பும் இல்லை. தெருமுனை மருந்துக்கடையில் காட்டினேன். “அலர்ஜிதான் சார், இதைத் தடவுங்க” என்று ஒரு ட்யூப் கொடுத்தார்கள். இரண்டு மாதம் தடவினேன், தினமும் ஷேவும் செய்தேன். ஏழு, இருபதைத் தாண்டியது. அதுவும் ரேசர் இழுக்கிற திசையிலேயே, ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட மாதிரி வரிசையாக.

தோல் மருத்துவரிடம் போன பிறகுதான் விஷயம் புரிந்தது. வந்திருந்தது தட்டை மரு என்கிற வைரஸ் தொற்று. நான் தடவியது ஸ்டீராய்டு கலந்த க்ரீம். அது தோலின் எதிர்ப்புச் சக்தியை அந்த இடத்தில் அடக்கி வைக்க, ரேசர் தினமும் கீறிக் கீறி வைரஸை விதைத்துக்கொண்டே போயிருக்கிறது.

நான் மருத்துவர் இல்லை. ஆனால் அந்தச் சில மாதங்களில் மருத்துவரிடம் கேட்டதும், பிறகு தேடிப் படித்ததும், வீட்டிலும் நண்பர்களிடமும் பார்த்ததும் நிறைய. முதன்முதலாக முகத்தில் மருவைப் பார்த்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் இருப்பவர்களுக்காக அதை வரிசையாக எழுதுகிறேன். எல்லாவற்றுக்கும் முன் ஒன்றை மனதில் வையுங்கள்: மரு பெரும்பாலும் ஆபத்தில்லாதது, பல நேரம் தானாகவே போய்விடுவது. அதை அவசரப்பட்டு எடுக்கப்போய் வருகிற தழும்பு தானாகப் போகாது.

முதலில், அது மருதானா என்று பாருங்கள்

நம் ஊரில் தோலில் துருத்திக்கொண்டு நிற்கிற எல்லாவற்றுக்கும் மரு, பாலுண்ணி என்ற இரண்டே பெயர்தான். உண்மையில் அவை ஐந்தாறு வெவ்வேறு விஷயங்கள். ஒன்றுக்குச் சரியான வைத்தியம் இன்னொன்றுக்குத் தவறாகிவிடும். காலை வெயில் விழுகிற ஜன்னலருகே நின்று, வெளிச்சம் பக்கவாட்டில் படும்படி முகத்தைத் திருப்பிப் பாருங்கள். போனில் கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கினால் இன்னும் நன்றாகத் தெரியும். அந்தப் படத்தை அழித்துவிடாதீர்கள், பிறகு உதவும்.

வைரஸால் வருவதுதான் உண்மையான மரு. எச்.பி.வி. என்ற வைரஸ் குடும்பத்தில் 200-க்கும் மேற்பட்ட வகைகள் இருக்கின்றன. முகத்தில் தட்டை மருவைக் கொண்டுவருவது பெரும்பாலும் 3, 10 ஆகிய வகைகள். தட்டை மரு ஒன்று முதல் ஐந்து மில்லிமீட்டர் வரைதான் இருக்கும். மேல்பக்கம் மழமழவென்று தட்டையாக இருக்கும். நெற்றி, கன்னம், தாடையில் கூட்டமாக வரும். சொறிந்த இடத்திலும் ஷேவ் செய்த இடத்திலும் கோடு போல நின்றால் ஏறக்குறைய சந்தேகமே வேண்டாம். இன்னொரு வகை நூல் மாதிரி, சின்ன முள் மாதிரி நீட்டிக்கொண்டு நிற்கும். உதட்டோரம், மூக்குத் துவாரம், கண் இமை இவைதான் அது அதிகம் வருகிற இடங்கள்.

கன்னத்து மேட்டிலும் கண்ணுக்குக் கீழேயும் மிளகைவிடச் சின்னதாக, கறுப்பாக, வழுவழுப்பாகப் பல புள்ளிகள் இருக்கின்றனவா? உங்கள் அம்மாவுக்கோ அத்தைக்கோ அதேபோல் இருக்கிறதா? அது வைரஸ் இல்லை. மாநிறத்தவருக்கும் கறுத்த தோல் உள்ளவர்களுக்கும் வயது ஏற ஏற வருவது, குடும்பவாகு. யாருக்கும் ஒட்டாது. எடுப்பதும் விடுவதும் அழகு சம்பந்தப்பட்ட விஷயம்.

கழுத்திலும் கண் இமையிலும் மெல்லிய காம்போடு தொங்குகிற சதைத் துணுக்கும் தொற்று அல்ல. அது நிறைய இருந்தால் சர்க்கரை அளவைப் பார்த்துக்கொள்வது நல்லது. உடல் எடையோடும் சர்க்கரையோடும் அதற்குத் தொடர்பு உண்டு.

குழந்தையின் முகத்தில் முத்துப்போல் பளபளப்பாக, நடுவில் தொப்புள் மாதிரி ஒரு குழியோடு இருந்தால் அது மொலஸ்கம். அதுவும் வைரஸ்தான், ஆனால் வேறு குடும்பம். குழந்தைகளிடம் துண்டு மூலமும் குளியல் மூலமும் எளிதில் பரவும், பெரும்பாலும் தானாகவே அடங்கும்.

மச்சத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் மரு என்று நினைத்துக் கிள்ளாதீர்கள். வேகமாகப் பெரிதாகிறது, அடிக்கடி ரத்தம் கசிகிறது, நிறம் ஒரே சீராக இல்லை, ஓரம் ஒழுங்கில்லாமல் படர்கிறது, புண்ணாகி ஒரு மாதம் தாண்டியும் ஆறவில்லை, ஐம்பது வயதுக்கு மேல் ஒற்றையாகப் புதிதாக முளைத்திருக்கிறது. இவற்றில் எது இருந்தாலும் இந்தக் கட்டுரையை மூடிவைத்துவிட்டு முதலில் தோல் மருத்துவரைப் பாருங்கள். தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவுதான், ஆனால் இல்லவே இல்லை என்று சொல்ல முடியாது. அதை மரு என்று சுட்டு எடுத்துவிட்டால், பரிசோதனைக்கு அனுப்ப ஒன்றும் மிஞ்சாது.

இவற்றை முகத்தில் வைக்காதீர்கள்

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நீட்டியே எழுதுகிறேன். மருவால் கெட்ட முகங்களைவிட மருவுக்கான கைவைத்தியத்தால் கெட்ட முகங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

சுண்ணாம்பும் வாஷிங் சோடாவும். வீட்டுக்கு வீடு சொல்கிற வைத்தியம் இது. சுண்ணாம்போடு வாஷிங் சோடாவைக் குழைத்தால் உள்ளே என்ன நடக்கிறது தெரியுமா? இரண்டும் சேர்ந்து காஸ்டிக் சோடா உருவாகிறது. அடைத்துக்கொண்ட சாக்கடைக் குழாயில் ஊற்றுகிற அதே பொருள். அது மருவை மட்டும் தேர்ந்தெடுத்து அரிக்காது, கீழே எவ்வளவு ஆழம் போகிறது என்பதும் தடவுகிறவருக்குத் தெரியாது. என் உறவுக்காரப் பெண் ஒருவர் கல்யாணத்துக்குப் பத்து நாள் முன் கன்னத்தில் இதை வைத்தார். ஒரு மிளகளவு மரு இருந்த இடத்தில் இன்று ஒரு பட்டாணி அளவுக் குழி இருக்கிறது. ஆண்டுகள் ஆகியும் மேக்கப்புக்கு அது மறைவதில்லை.

எருக்கம்பால், அம்மான் பச்சரிசிப் பால். கை கால் மருவுக்குத் தொன்றுதொட்டுப் பயன்படுத்துகிறார்கள் என்பது உண்மை. ஆனால் முகம் வேறு. எருக்கம்பால் ஒரு சொட்டு கண்ணில் பட்டால் கருவிழியே கெடும். அதில் மோசமான விஷயம், ஆரம்பத்தில் வலி அவ்வளவாகத் தெரியாமலே பார்வை மங்குவது. அப்படிப் பட்டுவிட்டால் ஓடுகிற தண்ணீரில் நிறைய நேரம் கண்ணைக் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பார்க்க வேண்டும். சேராங்கொட்டையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம், அது தோலைக் கொப்பளிக்க வைத்துவிடும். பூண்டை நசுக்கி வைத்துப் பிளாஸ்டர் போடுவதும் ஆப்பிள் சைடர் வினிகரில் பஞ்சை நனைத்து இரவு முழுவதும் ஒட்டி வைப்பதும் அமிலப் புண்ணிலும் தீப்புண்ணிலும்தான் கொண்டுபோய் விடும்.

கால் ஆணிக்கும் கை மருவுக்கும் கடையில் கிடைக்கிற சாலிசிலிக் அமில மருந்து. உள்ளங்காலின் தடித்த தோலுக்கு அது நல்ல மருந்து, மறுக்கவில்லை. முகத்தின் தோல் அதைத் தாங்காது. அதன் உறையிலேயே முகத்தில் பயன்படுத்த வேண்டாம் என்று போட்டிருக்கும். நாம்தான் படிப்பதில்லை.

ஆன்லைனில் விற்கிற ‘மரு பேனா’, ‘ஒரே இரவில் மரு உதிரும்’ சொட்டு மருந்துகள். மச்சத்தையும் தொங்கு மருவையும் வீட்டிலேயே எடுக்க என்று தாங்கள் அங்கீகரித்த மருந்து ஒன்றுகூடக் கிடையாது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு சொல்கிறது. இத்தகைய பொருள்களை விற்றதற்காக 2022-ல் அமேசான் உள்ளிட்ட நிறுவனங்களுக்கே அது எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியது.

முடியோ நூலோ கட்டி இறுக்குவது, ஊதுபத்தியால் சுடுவது, நகவெட்டியால் கத்தரிப்பது ஆகியவற்றில் கிருமி தொற்றும், ரத்தம் வரும், வைரஸ் மருவாக இருந்தால் சுற்றிலும் பரவும்.

கடைசியாக, நான் செய்த தவறு. சிவப்பாகவும் வெள்ளையாகவும் ‘ஸ்கின் க்ரீம்’ என்று மருந்துக்கடையில் கொடுப்பவற்றில் பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கிறது. பெட்டியில் பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், மருத்துவர் எழுதித் தராமல் அதை முகத்தில் தொடவேண்டாம்.

அதே நாளில் செய்யவேண்டியது: பரவுவதை நிறுத்துங்கள்

மருத்துவரைப் பார்க்க ஒரு வாரம் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டியதில்லை. ஆண்கள் ஷேவ் செய்வதை நிறுத்துங்கள். முடியவே முடியாது என்றால் தோலை ஒட்டாமல் டிரிம்மரால் மட்டும் குறைத்துக்கொள்ளுங்கள். சலூனில் பிளேடு புதிதா என்று பார்ப்பதோடு நிறுத்தாமல், மரு இருக்கிற இடத்தில் கத்தி படவேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லுங்கள். பெண்கள் த்ரெட்டிங், வாக்ஸிங், ஃபேஷியல் ஸ்க்ரப் எல்லாவற்றையும் தள்ளிப்போடுங்கள். புருவத்தில் வரிசையாக மரு வந்து நிற்பதற்கு த்ரெட்டிங் நூல் ஒரு முக்கியக் காரணம். முகம் துடைக்கிற துண்டைத் தனியாக வையுங்கள். யோசிக்கும்போது விரலால் நெருடுகிற பழக்கம் இருந்தால் அதை விடுவது சிரமம்தான், ஆனால் இதில் பாதி வெற்றி அதில்தான் இருக்கிறது. நகத்தை ஒட்ட வெட்டிக்கொள்ளுங்கள்.

வைரஸ் தோலுக்குள் போன பிறகு மருவாக வெளியே தெரிய ஒன்றிலிருந்து ஆறு மாதம், சில நேரம் அதற்கும் மேல் ஆகும். அதனால் யாரிடமிருந்து வந்தது என்று தேடிக்கொண்டிருப்பதில் பயனில்லை. எச்.பி.வி. என்ற பெயரைக் கேட்டதும் சிலர் கருப்பைவாய்ப் புற்றுநோயோடு சேர்த்துக் குழப்பிக்கொண்டு பயப்படுகிறார்கள். முகத்து மருவின் வகைகள் வேறு, அந்தப் புற்றுநோயின் வகைகள் வேறு. அந்தப் புற்றுநோயைத் தடுக்கப் போடுகிற தடுப்பூசி இந்த மருவைக் குறிவைத்துச் செய்யப்பட்டதும் அல்ல.

காத்திருப்பதும் ஒரு வழி

குழந்தைகளுக்கு வருகிற வைரஸ் மருவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, இரண்டு வருடத்துக்குள் எந்த மருந்தும் இல்லாமலே போய்விடுகிறது. உடம்பு அந்த வைரஸை அடையாளம் கண்டுகொண்டதும் எல்லா மருவும் ஒரே சமயத்தில் உதிர்வதுண்டு. கோயிலில் உப்பும் மிளகும் போடுவதாக நேர்ந்துகொண்டு, மரு உதிர்ந்ததும் போய்ப் போட்டுவிட்டு வருகிற வழக்கம் நம்மிடம் இருக்கிறது. என் பாட்டியும் எனக்காக நேர்ந்துகொண்டதுண்டு. அந்த வேண்டுதலில் எனக்கு மரியாதை உண்டு. முகத்தில் சுண்ணாம்பு வைக்காமல் உடம்புக்கு அவகாசம் கொடுக்கிற வழி அது. பரவாமல், உறுத்தாமல் இருக்கிற ஒன்றிரண்டு மருவை, மருத்துவர் ஒருமுறை பார்த்து உறுதி சொன்ன பிறகு, அப்படியே விட்டு வைப்பதில் தவறே இல்லை. குழந்தைகளுக்கு இதுவே முதல் வழியாக இருக்கட்டும்.

யாரிடம் போவது

பெயருக்குப் பின்னால் எம்.டி. டி.வி.எல்., அல்லது டி.டி.வி.எல்., டி.என்.பி. தோல் மருத்துவம் என்று இருக்கிறதா பாருங்கள். ‘ஸ்கின் கிளினிக்’, ‘காஸ்மெட்டிக் சென்டர்’ என்ற பலகை மட்டும் போதாது. அழகு நிலையத்தில் ‘மரு எடுக்கிறோம்’ என்று காட்டரி ஊசி (மின்சாரத்தால் தோலைச் சுடுகிற கருவி) வைத்துச் சுடுகிறார்கள். அந்த ஊசி சுத்தம் செய்யப்பட்டதா என்பது நமக்குத் தெரியாது. ஹெப்படைட்டிஸ் பி போன்ற தொற்று ரத்தத்தால் பரவும். எது மரு, எது மச்சம் என்று பிரித்துச் சொல்லும் படிப்பும் அங்கே கிடையாது.

காசு ஒரு தடையாக இருந்தால் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை, ஸ்டான்லி, மதுரை ராஜாஜி மருத்துவமனை என்று எல்லா இடத்திலும் தோல் நோய்ப் பிரிவு இருக்கிறது. காலையில் சீக்கிரம் போய் ஓ.பி. சீட்டு வாங்க வேண்டும். ஒரு நாள் பாதி போய்விடும், ஆனால் ஒரு நாளில் நூறு தோலைப் பார்க்கிற கண்கள் அங்கே இருக்கின்றன.

போகும்போது, எடுத்து வைத்த படத்தையும் இதுவரை தடவிய ட்யூபையும் கையில் கொண்டுபோங்கள். கர்ப்பமாக இருக்கிறீர்கள் அல்லது குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள், சர்க்கரை இருக்கிறது, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை போடுகிறீர்கள், நெஞ்சில் பேஸ்மேக்கர் இருக்கிறது, முன்பு காயம் பட்ட இடத்தில் தழும்பு மேடாகத் தடித்திருக்கிறது, இதில் எது இருந்தாலும் அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லிவிடுங்கள். இவை ஒவ்வொன்றும் சிகிச்சையை மாற்றக்கூடியவை.

என்னென்ன சிகிச்சை

நிறைய தட்டை மரு பரவியிருந்தால் பெரும்பாலும் க்ரீமில்தான் ஆரம்பிப்பார்கள். ட்ரெட்டினாயின், அடாபலீன் போன்ற, பருவுக்கும் கொடுக்கிற மருந்துகள். இரவில், முகம் கழுவி நன்றாகக் காய்ந்த பிறகு, மிகக் கொஞ்சமாக. எனக்கு முதல் இரண்டு வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள் தடவச் சொன்னார். மூன்றாவது நாளே தோல் சிவந்து உரிந்தது. அது எதிர்பார்ப்பதுதான், எரிச்சல் தாங்க முடியாவிட்டால் இரண்டு நாள் நிறுத்திவிட்டு மறுபடி தொடங்கலாம் என்று முன்பே சொல்லியிருந்ததால் பயப்படவில்லை. பலன் தெரிய ஆறு முதல் பன்னிரண்டு வாரம் ஆகும். கர்ப்பிணிகள் இதைத் தொடவே கூடாது. இமிக்விமாட், ஃப்ளூரோயுராசில் போன்ற இன்னும் வலுவான க்ரீம்களும் உண்டு. அவை மருத்துவர் மேற்பார்வையில் மட்டும்.

நூல் போல நீட்டிக்கொண்டிருக்கிற ஒற்றை மருவுக்கும், கறுப்புப் புள்ளிகளுக்கும், தொங்கு மருவுக்கும் காட்டரி அல்லது ரேடியோ ஃப்ரீக்வென்சி (ரேடியோ அலையின் சூட்டால் எடுக்கிற முறை) நல்ல வழி. என் மனைவிக்கு மூக்கோரம் ஒன்றை எடுத்தபோது கூட இருந்தேன். முதலில் மரத்துப்போகிற க்ரீமை வெள்ளையாகத் தடித்துப் பூசி, மேலே மெல்லிய பிளாஸ்டிக் தாளை ஒட்டி, முக்கால் மணி நேரம் உட்கார வைத்தார்கள். பிறகு துடைத்துவிட்டு, பென்சில் மாதிரி ஒரு கருவியின் மெல்லிய முனையால் தொட்டுத் தொட்டு எடுத்தார்கள். சின்னதாக ‘சிட்சிட்’ என்று சத்தம், முடி கருகுகிற வாசனை, இரண்டு நிமிடம். அவ்வளவுதான். மருத்துவரும் உதவியாளரும் முகக்கவசம் போட்டிருந்தார்கள். அந்தப் புகையிலும் வைரஸ் இருக்கலாம் என்பதால். முனையைப் புதிதாகப் பிரிக்கிறார்களா என்று பாருங்கள், கேட்கவும் கூச்சப்படாதீர்கள்.

திரவ நைட்ரஜனால் உறைய வைப்பது கை மருவுக்கு மிகவும் பயன்படும் முறை. அதன் குளிர் மைனஸ் 196 டிகிரி. நம் தோலுக்கு நிறம் கொடுக்கிற செல்கள் குளிரை அவ்வளவாகத் தாங்காதவை. அதனால் மாநிறமும் கறுப்புமான முகத்தில் அந்த இடம் வெளுத்துப்போய் மாதக்கணக்கில், சில நேரம் நிரந்தரமாகவே இருந்துவிடலாம். முகத்துக்கு இதைச் சொன்னால், ‘என் நிறத்துக்கு இது சரிவருமா, வேறு வழி இருக்கிறதா’ என்று கேளுங்கள். நல்ல மருத்துவர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

கார்பன் டை ஆக்ஸைடு லேசரும் இருக்கிறது. செலவு கூடுதல். சின்ன மருவுக்குக் காட்டரியைவிட அதில் பெரிய லாபம் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. திரும்பத் திரும்ப நிறைய வருகிறவர்களுக்கு, ஒரு மருவில் தட்டம்மைத் தடுப்பூசி மருந்தையோ வைட்டமின் டி-யையோ ஊசியாகப் போட்டு, உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டுகிற முறையும் இப்போது நடைமுறையில் இருக்கிறது. கண் இமை விளிம்பில் உள்ளதைக் கண் மருத்துவர் எடுப்பதே பாதுகாப்பு.

எந்தச் சிகிச்சையானாலும் ‘இனி வரவே வராது’ என்று யாராவது உறுதி கொடுத்தால் நம்பாதீர்கள். வைரஸ் மரு திரும்ப வரலாம். முதலில் ஒரே ஒரு மருவை மட்டும் எடுத்து, ஆறிய பிறகு நிறம் எப்படி இருக்கிறது என்று பார்த்துவிட்டு மற்றவற்றுக்குப் போகச் சொல்லிக் கேட்கலாம். கன்னம் முழுக்கக் கறுப்புப் புள்ளி உள்ளவர்களுக்கு இதைக் கட்டாயம் சொல்வேன்.

எடுத்த பிறகு

சுட்ட இடத்தில் கறுப்பாக ஒரு பொருக்கு நிற்கும். ஒரு வாரம் பத்து நாளில் தானாக விழும். அதை நகத்தால் பெயர்ப்பதுதான் தழும்புக்கு முதல் காரணம். மெதுவாகக் கழுவி, ஒற்றித் துடைத்து, கொடுத்த களிம்பையோ வெறும் வாஸ்லினையோ பூசி ஈரமாக வைத்தால் போதும். மஞ்சள் பூச வேண்டாம். விபூதியும் குங்குமமும் அந்த இடத்தில் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பொருக்கு விழுந்ததும் கீழே இளஞ்சிவப்பாகப் புதுத்தோல் இருக்கும். அதில் நம் ஊர் வெயில் பட்டால் கறுத்துவிடும். குறைந்தது எஸ்.பி.எஃப். 30 உள்ள சன்ஸ்கிரீனைக் காலையிலும் மதியமும் இரண்டு மூன்று மாதமாவது போடுங்கள். கறுப்பு விழுந்தாலும் பதற வேண்டாம், பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். சீழ், அதிக வலி, பரவுகிற சிவப்பு, காய்ச்சல் என்றால் காத்திருக்காமல் திரும்பப் போங்கள்.

எனக்குக் க்ரீம் தடவி ஒன்பதாவது வாரம், ஒரு நாள் காலையில் எழுந்தால் தாடையில் இருந்த இருபத்துச் சொச்சமும் ஒரே நேரத்தில் சிவந்து, வீங்கி, அரிக்க ஆரம்பித்தன. எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்து மருத்துவருக்குப் போன் செய்தேன். “சொறியாதீங்க. உடம்பு இப்பதான் வைரஸைக் கண்டுபிடிச்சிருக்கு. தட்டை மரு போகும்போது இப்படித்தான் சிவக்கும். இரண்டு வாரம் பொறுங்க” என்றார். இரண்டு வாரம்கூட ஆகவில்லை. பன்னிரண்டாவது நாள் காலையில் விரலை ஓட்டிப் பார்த்தபோது தாடி முடியைத் தவிர வேறொன்றும் தட்டவில்லை. பழைய ரேசரைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதிதாக ஒன்று வாங்கினேன்.